விண்மீனுக்கு ஏன் இந்த எடை?

கோலாலம்பூரின் செந்தூலுக்கு ரயில்தான் அடையாளம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த ரயில்வே பணிமனையை நம்பித்தான் தமிழ்க் குடும்பங்கள் பல அந்த வட்டாரத்தில் வேர்விட்டன. இன்ஜினையும் பெட்டியையும் கழற்றி மாட்டும் அந்த வேலைக்குள் இயற்பியலின் ஆழமான பாடம் ஒன்று இருக்கிறது. கடையில் விற்கும் பொம்மை ரயிலை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கிக்கொண்டே போனால் உண்மையான ரயில் வந்துவிடாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் எடை 8 மடங்காகிறது. அந்த எடையைத் தாங்கும் அச்சின் குறுக்குப் பரப்போ 4 மடங்குதான் கூடுகிறது. ஒவ்வொரு இரட்டிப்பிலும் அச்சின் மேல் விழும் அழுத்தம் இரு மடங்காக, ஒரு கட்டத்தில் அச்சு முறியும். அதனால்தான் பெரிய இன்ஜினின் அச்சும் சட்டமும் பொம்மையில் உள்ளதைவிடப் பருத்திருக்கின்றன. யானையின் கால் எறும்பின் காலைப் போல மெலிந்திருப்பதில்லை. கலிலியோ 1638இல் வெளியிட்ட தம் கடைசி நூலில் எலும்புகளை வைத்து இதை விளக்கினார். உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் மாற்ற இயற்கை இடம் தருவதில்லை. அளவு மாறினால், எந்த விசை ஆளுகிறது என்பதும் மாறுகிறது.

பேரண்டத்தையும் அணுவையும் ஒருசேரப் பேசும்போது இந்தப் பாடம் எளிதில் மறந்துபோகிறது. 1911இல் ரூதர்போர்டு அணுக்கருவைக் கண்டறிந்தார். 1913இல் நீல்ஸ் போர், எலெக்ட்ரான்கள் அந்தக் கருவைச் சுற்றிவரும் மாதிரியைத் தந்தார். அன்றிலிருந்து, அணு என்பது ஒரு குட்டிச் சூரியக் குடும்பம் என்ற படம் பள்ளிப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. தமிழில் இதற்கு மேலும் ஓர் ஈர்ப்பு உண்டு. அண்டத்தில் இருப்பது பிண்டத்திலும் இருக்கிறது என்ற எண்ணம் நம் மரபில் ஆழமாக ஊறியது. பெரியதும் சிறியதும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று எவராவது சொன்னால் நம் மனம் உடனே தலையசைக்கிறது. அந்த மரபுக் கூற்று உடலையும் உணர்வையும் பற்றிய மெய்யியல். அளவுகோல் வைத்துச் சோதிக்க அது சொல்லப்படவில்லை. ஆனால் அணுவும் சூரியக் குடும்பமும் ஒரே வார்ப்பு என்பது அளந்து பார்க்கக்கூடிய கூற்று. அளந்து பார்ப்போம்.

ஹைட்ரஜன் அணுவின் கருவாகிய புரோட்டானை 1 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கொண்டைக்கடலையாக நினைத்து, செந்தூல் கொமுட்டர் நிலையத்தின் வாசலில் வைப்போம். அந்தக் கணக்கில் எலெக்ட்ரான் இருக்கக்கூடிய தொலைவு ஏறத்தாழ 300 மீட்டர். இப்போது அதே கடலையைச் சூரியன் என்று கொள்வோம். கடைசிக் கோளான நெப்டியூன் 32 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. ஒப்புமை இங்கேயே பத்து மடங்கு பிசகுகிறது. அடுத்த வீட்டைப் பார்த்தால் பிசகு பெருகுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு கருக்கள் கைகோத்திருக்கின்றன. முதல் கடலையிலிருந்து இரண்டாவது கடலை சுமார் 440 மீட்டர் தள்ளி, நடந்தே போய்விடலாம். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனோ, இதே கணக்கில், 290 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. செந்தூலிலிருந்து வான்வழியே ஜார்ஜ் டவுனுக்கு உள்ள தூரம் அது. நடுவில் பேராக் முழுக்கக் காலியாகக் கிடக்க, பினாங்கில் இன்னொரு கடலை. இரண்டையும் ஒரே வார்ப்பு என்று சொல்ல இடமே இல்லை.

தூரங்களைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்று. கிள்ளான் ஆற்றில் ஓடும் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவும், காவிரி நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவும், கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஹைட்ரஜன் அணுவும் அளவில் இம்மியும் மாறுவதில்லை. கோள் குடும்பங்களிலோ இதுவரை கண்டறிந்த எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. காரணம், அணுவின் அளவைப் பிளாங்க் மாறிலி கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு துகளைச் சிறிய இடத்தில் அடைத்தால் அது துடிக்கத் தொடங்கும். இடம் குறையக் குறையத் துடிப்பு கூடும். கருவின் மின் கவர்ச்சி எலெக்ட்ரானை உள்ளே இழுக்கிறது, துடிப்பு வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமமாகும் இடமே அணுவின் அளவு. சூரியனைச் சுற்றும் கோளுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. அது எந்தத் தொலைவிலும் சுற்றலாம்.

அப்படியானால் மிகப் பெரியதுக்கும் மிகச் சிறியதுக்கும் இடையே பாலமே இல்லையா? இருக்கிறது. அதைச் சாயலில் தேடினால் கிடைக்காது. இரண்டு விசைகள் மோதிச் சமமாகும் இடத்தில் தேட வேண்டும். மலையை எடுத்துக்கொள்வோம். ஒரு மலை எவ்வளவு உயரலாம்? அதன் எடை அடிவாரப் பாறையை அழுத்துகிறது. பாறையின் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பை அந்த அழுத்தம் வெல்லும்போது அடிவாரம் இளகி, மலை தாழ்ந்துவிடும். பிணைப்பின் வலிமை எலெக்ட்ரானின் நிறையாலும் மின்னூட்டத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது. ஆக, மலையின் உச்ச உயரம் எலெக்ட்ரானிடமிருந்து வருகிறது. விக்டர் வைஸ்கோப் என்ற இயற்பியலாளர் 1975இல் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினார். பூமிக்குக் கிடைக்கும் விடை பத்து இருபது கிலோமீட்டர் என்ற வரிசையில் இருக்கிறது. எவரெஸ்ட் 8,849 மீட்டர், நம் கினபாலு 4,095 மீட்டர். செவ்வாயில் ஈர்ப்பு பூமியுடையதில் 0.38 பங்குதான், அப்படியானால் அங்கே மலை ஏறத்தாழ 2.6 மடங்கு உயரலாம். செவ்வாயின் ஒலிம்பஸ் எரிமலை சுமார் 22 கிலோமீட்டர், அதாவது எவரெஸ்டைப் போல் இரண்டரை மடங்கு. உயரத்தை எந்தத் தளத்திலிருந்து அளக்கிறோம், மேலோடு எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் இதில் கலந்திருப்பதால் இந்தப் பொருத்தத்தின் நுணுக்கத்தை நான் வலியுறுத்தமாட்டேன். ஆனால் வரிசை சரியாக வருவது தற்செயல் இல்லை. ஏனென்றால் இங்கே காரணம் தெரிகிறது.

காரணம் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்ட, காரணம் தெரியாத ஒரு புகழ்பெற்ற பொருத்தத்தைப் பார்க்கலாம். ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானுக்கும் எலெக்ட்ரானுக்கும் இடையிலுள்ள மின்விசை, அவற்றுக்கு இடையிலுள்ள ஈர்ப்பு விசையைப் போல் 10-இன் 39ஆம் அடுக்கு மடங்கு பெரியது. 1-க்குப் பின் 39 சுழியங்கள். ஒளி ஓர் எலெக்ட்ரானின் அகலத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தை அலகாக வைத்துப் பேரண்டத்தின் வயதை அளந்தால் அதுவும் ஏறக்குறைய 10-இன் 40ஆம் அடுக்கு வருகிறது. கண்ணுக்கெட்டும் பேரண்டத்திலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையோ அந்த எண்ணின் வர்க்கத்தை ஒட்டி நிற்கிறது. இயற்பியலாளர் பால் டிராக் 1937இல் இதைக் கண்டு, இவ்வளவு பெரிய எண்கள் தற்செயலாக ஒத்துப்போகா என்று வாதிட்டார். பேரண்டத்தின் வயது கூடிக்கொண்டே போவதால், எண்கள் என்றும் ஒத்திருக்க வேண்டுமானால் ஈர்ப்பு விசை காலப்போக்கில் தளர்ந்துகொண்டே வரவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

டிராக்கின் துணிவை மதிக்க வேண்டும். அவர் தம் கருத்தைச் சோதனைக்கு உட்படும்படி சொன்னார், சோதனை அதை வீழ்த்தியது. 1948இல் எட்வர்ட் டெல்லர், முன்பு ஈர்ப்பு வலுவாக இருந்திருந்தால் சூரியன் இன்னும் கடுமையாக எரிந்திருக்கும், பூமியும் அதற்கு இன்னும் நெருக்கமாகச் சுற்றியிருக்கும் என்று காட்டினார். அன்றைக்கு நம்பப்பட்ட பேரண்ட வயதுக் கணக்கின்படி, சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடல்கள் கொதித்திருக்க வேண்டும். அந்தக் காலப் பாறைகளிலோ கடலுயிர்களின் புதைபடிவங்கள் நிறைந்திருக்கின்றன. பிறகு அப்போலோ பயணிகள் நிலவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளை நோக்கி லேசர் செலுத்தித் தூரத்தை அளந்தபோது, ஈர்ப்பு மாறிலியில் மாற்றம் இருந்தாலும் அது டிராக் கேட்டதைவிடப் பல நூறு மடங்கு குறைவு என்று தெரிந்தது. 1961இல் ராபர்ட் டிக்கி பொருத்தத்தின் முடிச்சையே அவிழ்த்தார். பேரண்டத்தின் வயதை எண்ணிப் பார்க்க ஒருவர் பிறக்க வேண்டுமானால் கார்பன் வேண்டும். கார்பன் விண்மீனின் உள்ளே வெந்து வரவேண்டும். எனவே எண்ணுபவர் வாழும் காலம் ஒரு விண்மீனின் ஆயுளை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஆயுளோ, ஈர்ப்பு எவ்வளவு பலவீனமானது என்பதையே சார்ந்தது. இரண்டு எண்களும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை, ஒத்துப்போனதில் வியப்பில்லை.

ஈர்ப்பின் பலவீனம் விண்மீனின் ஆயுளை மட்டுமா வகுக்கிறது? அதன் எடையையே வகுக்கிறது. இதை நிறுவியவர் மயிலாப்பூர் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் 1910இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவருடைய தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர், சர் சி.வி.ராமன் சிற்றப்பா. 1930 ஜூலை 31 அன்று கேம்பிரிட்ஜில் படிப்பதற்காகப் பம்பாயில் கப்பலேறியபோது சந்திரசேகருக்கு வயது 19. வெண்குள்ளன் எனப்படும் இறந்த விண்மீன்களை எது தாங்கிப் பிடிக்கிறது என்பதை ரால்ப் பவுலர் 1926இல் விளக்கியிருந்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கும்போது எலெக்ட்ரான்கள் நெருக்கப்படுகின்றன. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற விதியால், ஒவ்வொன்றும் தனக்கெனக் கிடைத்த சின்னஞ்சிறு இடத்தில் துடிக்கிறது. அணுவைத் தாங்கும் அதே துடிப்புதான் விண்மீனையும் தாங்குகிறது. இதில் பவுலர் விட்டுவைத்த ஒன்றைச் சந்திரசேகர் கப்பலில் கவனித்தார். அவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். அப்போது சார்பியலைச் சேர்த்தாக வேண்டும்.

சேர்த்தால் என்ன ஆகிறது என்பதைச் சமன்பாடு இல்லாமலே சொல்லலாம். விண்மீனைப் பாதி அளவுக்குச் சுருக்குவதாக வைத்துக்கொள்வோம். ஈர்ப்பாற்றல் இரு மடங்காகிறது. எலெக்ட்ரான்கள் மெதுவாக ஓடும்வரை அவற்றின் துடிப்பாற்றல் 4 மடங்காகும். ஆகவே சுருங்கச் சுருங்க எதிர்ப்பு முந்திக்கொள்ளும், விண்மீன் ஓரிடத்தில் நின்றுவிடும். ஒளி வேகத்தை நெருங்கியபின் நிலைமை வேறு. துடிப்பாற்றலும் இரு மடங்காக மட்டுமே கூடுகிறது. இழுப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே வீதத்தில் வளர்ந்தால், சுருங்குவதால் எந்தத் தரப்புக்கும் ஆதாயம் இல்லை. விண்மீனின் அளவு கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. எஞ்சுவது ஒரே கேள்வி: எத்தனை துகள்கள்? குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் துடிப்பு வெல்லும். மேலே போனால் ஈர்ப்பு வெல்லும், அதன்பின் தடுப்பதற்கு எலெக்ட்ரான்களிடம் ஒன்றும் இல்லை. 2π-ஆல் வகுத்த பிளாங்க் மாறிலியையும் ஒளி வேகத்தையும் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியாலும் புரோட்டான் நிறையின் வர்க்கத்தாலும் வகுத்தால், அலகற்ற ஓர் எண் வருகிறது: 10-இன் 38ஆம் அடுக்கைப் போல் 1.7 மடங்கு. இந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, அதைக் கனமாக்கினால், அதாவது மும்முறை பெருக்கினால், 10-இன் 57ஆம் அடுக்கைப் போல் 2.2 மடங்கு கிடைக்கும். விண்மீனில் இருக்கக்கூடிய புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கைக்கான அளவுகோல் அதுவே. சூரியனில் இருப்பவை 10-இன் 57ஆம் அடுக்கைப் போல் 1.2 மடங்கு. ஒரு மேசைமேல் ஆய்வுக்கூடத்தில் அளக்கக்கூடிய நான்கு மாறிலிகளை வைத்துக்கொண்டு, வானத்தை ஏறிட்டுப் பார்க்காமலே, சூரியனைப் போன்ற ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட முடிகிறது. இயற்பியலில் இதைவிட நெஞ்சை நிறைக்கும் கணக்கை நான் அறியேன்.

துல்லியமான விடைக்கு, விண்மீனின் உட்புறத்தில் அழுத்தம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும், ஓர் எலெக்ட்ரானுக்கு எத்தனை அணுக்கருத் துகள்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். 1931இல் வெளிவந்த சந்திரசேகரின் முதல் கட்டுரையில் உச்ச வரம்பு 0.91 சூரிய நிறை என்றிருந்தது. ஓர் எலெக்ட்ரானுக்கு 2.5 துகள்கள் என்று அவர் கொண்டிருந்தார். வெண்குள்ளனில் உள்ள கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் உரிய 2 என்ற எண்ணைப் போட்டால் வரம்பு 1.4 சூரிய நிறைக்கு உயர்கிறது. வில்ஹெல்ம் ஆண்டர்சனும் எட்மண்ட் ஸ்டோனரும் இதே காலத்தில் சந்திரசேகரைச் சாராமலே இத்தகைய எல்லையை எட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விண்மீனின் உள்ளமைப்போடு முழுக் கணக்காக்கியவர் சந்திரசேகர். இருந்தும் 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி முடிவில்லாமல் சுருங்கும் அபத்தத்தைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரும் என்று மறுத்தார். நம் வாதத்துக்கு எடிங்டனின் மறுபக்கம் மிக முக்கியம். அணுவுக்கும் அண்டத்துக்கும் உள்ள உறவை எண்களில் பிடிக்க அவரைப் போல் உழைத்தவர் குறைவு. பேரண்டத்தின் புரோட்டான் எண்ணிக்கையை 2-ஐ 256 முறை பெருக்கி, மேலும் 136-ஆல் பெருக்கி, கடைசி இலக்கம்வரை தூய சிந்தனையாலேயே பெற்றுவிட்டதாக அவர் நம்பினார். மின்விசையின் வலிமையைக் குறிக்கும் எண்ணுக்கு முதலில் 136 என்று காரணம் சொன்னவர், அளவீடுகள் 137-ஐ நெருங்கியதும் 137-க்குக் காரணம் தந்தார். இன்று அளக்கப்படும் மதிப்பு 137.036. எந்த அளவீடு வந்தாலும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும் உறவு, அளவீட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவர் கண்ணெதிரே இருந்த உண்மையான உறவோ 1.4-க்கு மேல் வெண்குள்ளன் கிடையாது என்று அடித்துச் சொன்னது. அது பிழையென்றால் ஒரே ஒரு விண்மீனைக் காட்டி முடித்துவிடலாம்.

சந்திரசேகரும் ஒருமுறை அந்த மறுபக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். டிராக்கின் குறிப்பு வெளியான அதே 1937இல், அதே நேச்சர் இதழில், அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். மேலே சொன்ன மாறிலிகளின் சேர்க்கையை ஒன்றரை என்ற அடுக்குக்கு உயர்த்தினால் விண்மீனின் நிறை வருகிறது. ஒன்றே முக்கால் என்று மாற்றினால் பால்வீதியின் நிறையை ஒட்டி வருகிறது. இரண்டு என்றால் பேரண்டமே வருகிறது என்பது அதன் சாரம். மூன்றும் ஒரே ஏணியின் படிகளைப் போலத் தோன்றும். ஆனால் காலம் மூன்றையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. ஒன்றரை என்ற அடுக்கு, இடம் சுருங்கினால் துடிப்பு எப்படிக் கூடும், துகள் கூடினால் ஈர்ப்பு எப்படிக் கூடும் என்ற இரண்டு உண்மைகளிலிருந்து தானாக விளைந்தது. அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்றே முக்காலுக்கு அப்படி ஒரு பிறப்பு கிடையாது. விண்மீன் மண்டலங்களின் நிறைக்கு 1977இல் மார்ட்டின் ரீஸ், ஜெரமையா ஆஸ்ட்ரைக்கர், ஜோசப் சில்க், ஜேம்ஸ் பின்னி ஆகியோர் தந்த விளக்கம் வேறு வழியில் போகிறது. சரியும் வாயு விரைவாகக் குளிர்ந்தால்தான் துண்டாகி விண்மீன்களாகும். குளிரும் வேகம் எலெக்ட்ரான் ஒளியை எவ்வளவு எளிதில் உமிழ்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் மின்விசையின் வலிமையும் எலெக்ட்ரான் நிறையும் நுழைகின்றன. கரும்பொருளின் பங்கும் சேர்கிறது. ஏணியின் அழகு போய்விட்டது, உறவு மட்டும் உறுதியானது.

காரணமுள்ள உறவு இன்னொன்றையும் கொடுக்கிறது: எதிர்பாராத இடத்தில் பலிக்கும் ஊகம். உச்ச எடைக்கான கணக்கில் எலெக்ட்ரானின் நிறை வரவே இல்லை என்பதைக் கவனித்திருக்கலாம். ஒளி வேகத்தை நெருங்கி ஓடும் துகளுக்கு அதன் ஓய்வு நிறை ஒரு பொருட்டில்லை. அளவுக்கான கணக்கில் அது வருகிறது. தாங்கும் துகள் எவ்வளவு இலேசோ, விண்மீன் அவ்வளவு பெரிது. எலெக்ட்ரான் தாங்கினால் ஆரம் சில ஆயிரம் கிலோமீட்டர் என்று கிடைக்கிறது; உண்மையில் வெண்குள்ளன்கள் பூமியளவே இருக்கின்றன. எலெக்ட்ரானுக்குப் பதில் அதைப் போல் 1,840 மடங்கு கனத்த நியூட்ரான் தாங்கினால் ஆரம் சில கிலோமீட்டர் என்ற வரிசைக்கு இறங்க வேண்டும். நிறை மட்டும் அதே ஒன்றிரண்டு சூரியனாக இருக்க வேண்டும். நியூட்ரான் விண்மீன்களின் ஆரம் 12 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 1974இல் கண்டறியப்பட்ட ஹல்ஸ்-டெய்லர் இரட்டையின் நிறைகள் 1.44, 1.39 சூரிய நிறை. இன்று அறியப்பட்டவற்றில் மிகக் கனத்தவையும் இரண்டு சூரியன்களைச் சுற்றியே நிற்கின்றன. ஒரு துகளுக்குப் பதில் இன்னொரு துகளைப் போட்டதும் விண்மீன் பூமியளவிலிருந்து நகரளவுக்குச் சுருங்கும் என்று கணக்கு முன்கூட்டியே சொன்னது. சாயலை மட்டும் நம்பும் ஒப்புமையால் இதைச் செய்ய முடியாது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. மாறிலிகளை எப்படியாவது பெருக்கி வகுத்தால் எதையாவது ஒத்த எண் கிடைத்துவிடும், சந்திரசேகர் எண்ணும் அப்படியொன்றுதானே என்று கேட்கலாம். அடுக்கை நாமே தேர்ந்தால் அந்தக் கேள்வி நியாயம். அடுக்கு வாதத்திலிருந்து விளைந்தால் தேர்வுக்கு இடமில்லை. சூரியன் வெண்குள்ளன் இல்லையே, அதற்கு ஏன் இந்த எண் பொருந்த வேண்டும் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. எரியும் விண்மீனுக்கு இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது. வாயுத் திரள் மிகச் சிறிதாக இருந்தால், அணுக்கருக்கள் இணையும் வெப்பம் எட்டுமுன்பே எலெக்ட்ரான்களின் துடிப்பு சுருக்கத்தை நிறுத்திவிடும். சூரிய நிறையில் 0.08 பங்குக்குக் கீழே விண்மீன் பற்றிக்கொள்வதில்லை. மிகப் பெரிதாக இருந்தால் உள்ளே பிறக்கும் ஒளியின் அழுத்தமே வாயுவின் அழுத்தத்தை மிஞ்சி, திரளைக் குலைக்கத் தொடங்கும். இரண்டு வேலிகளையும் நட்டிருப்பது அதே ஒன்றரை அடுக்குதான். இந்த இரண்டாவது வேலியை முதலில் அழகாகச் சொன்னவர் எடிங்டன். மேகம் மூடிய ஒரு கோளில், விண்மீனையே பார்த்திராத இயற்பியலாளர் ஒருவர், 10 கிராம், 100 கிராம் என்று வரிசையாக உருண்டைகளைக் கற்பனை செய்து கணக்கிட்டால் 33ஆவதுக்கும் 35ஆவதுக்கும் நடுவில் ஏதோ நிகழப்போகிறது என்று கண்டுகொள்வார் என 1926இல் அவர் எழுதினார். நிகழ்வது விண்மீன்கள். மூன்றாவது மறுப்பு வானத்திலிருந்தே வந்தது. 2003இல் காணப்பட்ட ஒரு சூப்பர்நோவா, வெடித்த வெண்குள்ளன் இரண்டு சூரிய நிறை இருந்திருக்க வேண்டும் என்று எண்ண வைத்தது. சந்திரசேகர் வரம்பு சுழலாத, காந்தப்புலம் வலுவற்ற விண்மீனுக்கு உரியது. வேகமான சுழற்சியோ இரண்டு வெண்குள்ளன்களின் மோதலோ சிறிது நேரம் வரம்பை மீறவிடலாம். மீறலும் ஓர் அளவுக்குள்தான் நிற்கிறது. பத்துச் சூரியன் எடையுள்ள வெண்குள்ளனை யாரும் கண்டதில்லை.

எல்லாம் புரோட்டானின் நிறையில் வந்து நின்றால், அந்த நிறை எங்கிருந்து வந்தது? பிளாங்க் மாறிலி, ஒளி வேகம், ஈர்ப்பு மாறிலி மூன்றும் சேர்ந்து இயல்பாகத் தரும் நிறையோடு ஒப்பிட்டால் புரோட்டான் 10-இன் 19ஆம் அடுக்கு மடங்கு இலேசாக இருக்கிறது. அந்தப் பத்தொன்பதை மும்மடங்காக்கினால் வருவதுதான் விண்மீனின் 57. ஆகவே விண்மீன் ஏன் இவ்வளவு பெரியது என்ற கேள்வி, புரோட்டான் ஏன் இவ்வளவு இலேசானது என்ற கேள்வியாக மாறுகிறது. 1973இல் டேவிட் கிராஸ், பிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் ஆகியோர், புரோட்டானுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை நெருங்கப் போகப் போகத் தளர்கிறது, விலக விலக வலுக்கிறது என்று காட்டி 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மாற்றம் மிக மெதுவானது. தொலைவு பல கோடி மடங்கு கூடினால்தான் வலிமை கொஞ்சம் ஏறும். மிகக் குறுகிய தொலைவில் மிதமான வலிமையோடு தொடங்கினால், அது குவார்க்குகளைச் சிறைப்படுத்தும் அளவுக்கு வளர, தொலைவு 10-இன் பல அடுக்குகளைத் தாண்டியாக வேண்டும். அந்தத் தொலைவுதான் புரோட்டானின் அளவு. அங்கே அடைபட்ட ஆற்றல்தான் அதன் நிறையில் பெரும்பங்கு. தொடக்க வலிமை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இன்னும் விடை இல்லை. ஆனால் வானத்தின் ராட்சத எண்ணைத் தேடிப் போனவர்கள் ஒரு சிறிய, சாதாரண எண்ணின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

தைப்பூச நாட்களில் இரவு பதினொரு மணியளவில், வானம் தெளிந்திருந்தால், செந்தூலிலிருந்து தெற்கே தலையை நன்றாக உயர்த்திப் பார்த்தால் இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ் தெரியும். 8.6 ஒளியாண்டு தொலைவு. அதன் ஒளியில் மறைந்து, வெறுங்கண்ணுக்குத் தெரியாமல், ஒரு வெண்குள்ளன் அதைச் சுற்றிவருகிறது. சூரியனுக்குச் சமமான எடை முழுவதும் பூமியைவிடச் சற்றே சிறிய உருண்டைக்குள், 11,700 கிலோமீட்டர் விட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. எலெக்ட்ரான் இப்போது இருப்பதைவிட இரு மடங்கு கனமாக இருந்திருந்தால் அந்த விட்டம் பாதியாகியிருக்கும். அத்தகைய உருண்டை தாங்கக்கூடிய உச்ச எடை மட்டும் அப்படியே இருந்திருக்கும்.